லெ புயியிலிருந்து செவென் பள்ளத்தாக்குகள் வரை: ஸ்டீவன்சன் பாதையை நடப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென் பிரான்சில் மலைநடை என்றதும் ஆல்ப்ஸ், பிரனீஸ் என்ற இரண்டு பெயர்களே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே, மத்திய மேட்டுநிலத்தின் தெற்கு விளிம்பில், ஒரு கிராமத்தில் காலை ரொட்டி வாங்கிக்கொண்டு கிளம்பி அடுத்த கிராமத்தின் மணிக்கூண்டைப் பார்த்தபடி மாலையில் இறங்கும் வகையில் ஒரு நீண்ட பாதை இருக்கிறது. ஜி.ஆர். 70 என்பது அதன் அதிகாரப்பூர்வ எண். ஊர்க்காரர்கள் அதை ஸ்டீவன்சன் பாதை என்கிறார்கள். லெ புயி-ஆன்-வெலே என்ற எரிமலை நகரத்தில் தொடங்கி, வெலே, ஜெவோதான், மோன் லோசேர், செவென் ஆகிய நான்கு நிலங்களைக் கடந்து, ஏறக்குறைய 270 கிலோமீட்டருக்குப் பிறகு அலெஸ் நகரத்தில் அது முடிகிறது. கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படாத, ஆனால் கால்களைக் கடுமையாகச் சோதிக்கிற பாதை இது.

பெயருக்குக் காரணமானவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1878 செப்டம்பர் 22 அன்று, தமது 27ஆம் வயதில், லெ மொனஸ்தியே என்ற ஊரிலிருந்து அவர் ஒரு பெண் கழுதையுடன் கிளம்பினார். அந்தக் கழுதைக்கு அவர் கொடுத்த விலை 65 பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும். வைத்த பெயர் மொதெஸ்தீன். 12 நாட்களில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நடந்து சேன்-ஜான்-து-கார் சேர்ந்ததும் 35 பிராங்குக்கு அதை விற்றார். அடுத்த ஆண்டே அந்தப் பயணம் நூலாக வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வழியில் இரவு உணவு மேசையில் உங்களோடு உட்காரும் பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் அதைப் படித்தவர்களாக இருப்பார்கள் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியை நடப்பது

முழுப் பாதைக்கு 12 முதல் 14 நாள் வேண்டும். அவ்வளவு விடுமுறை இல்லாதவர்களுக்கு இந்தப் பாதை ஒரு பெரிய வசதியைத் தருகிறது. கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து நீம் நகரத்துக்குச் செல்லும் பழைய மலை ரயில்பாதை, வழியில் லாங்கோஞ், லா பாஸ்தீத், அலெஸ் ஆகிய ஊர்களில் நிற்கிறது. ஆகவே பாதையை நடுவில் வெட்டி இரண்டு விடுமுறைகளில் நடக்கலாம். ஒரே வாரம்தான் கிடைக்கும் என்றால் நான் தயங்காமல் தெற்குப் பாதியைச் சொல்வேன்: லா பாஸ்தீத் தொடங்கி சேன்-ஜான்-து-கார் வரை, ஏறக்குறைய 130 கிலோமீட்டர், ஏழு நாள். பாதையின் உச்சி, தேசியப் பூங்கா, செஸ்ட்நட் காடுகள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன. வடக்குப் பாதி அகன்ற மேட்டுநிலம். அழகு உண்டு, ஆனால் அதை அனுபவிக்க அவசரமில்லாத மனம் வேண்டும்.

முதல்முறை நடப்பவர்கள் நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்ற கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. சமதளத்தில் 20 கிலோமீட்டர் நடந்து பழகியவருக்கு, 600 மீட்டர் ஏறி 800 மீட்டர் இறங்கும் 20 கிலோமீட்டர் வேறு கணக்கு. இறக்கத்தில்தான் முழங்கால் பேசத் தொடங்கும்.

எந்த மாதம்

மே நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை நடக்கலாம். ஜூனில் மோன் லோசேர் சரிவுகள் ஜெனே என்ற புதரின் மஞ்சள் பூக்களால் மூடிக்கிடக்கும். பகல் நீளம், வெயில் தாங்கக்கூடியது. ஜூலை, ஆகஸ்டில் தெற்குப் பள்ளத்தாக்குகளில் வெப்பம் 35 டிகிரியைத் தொடும், விடுதிகளும் நிரம்பிவிடும். செப்டம்பர் தொடக்கம் மிக நல்ல காலம்; ஆனால் இலையுதிர் காலத்தில் செவென் மலைகளுக்கே உரிய ஒரு மழை உண்டு. மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலெழுந்து, நகராமல் ஒரே இடத்தில் பல மணி நேரம் கொட்டும். ஒரே நாளில் பல நூறு மில்லிமீட்டர் பெய்வதும், காலையில் கல் தாண்டிக் கடந்த ஓடை மாலையில் பாலத்தைத் தொடுவதும் அங்கே புதிதல்ல. பிரெஞ்சு வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அன்று விடுதியிலேயே இருந்துவிடுங்கள். முன்பணம் போனாலும் போகட்டும்.

படுக்கையிலிருந்து திட்டமிடுங்கள்

இந்தப் பாதையில் நாள் கணக்கைத் தீர்மானிப்பது உங்கள் கால்வலிமையைவிட, எந்த ஊரில் எத்தனை படுக்கை காலியாக இருக்கிறது என்பதுதான். லெ ஷெலார்-லெவெக், கசாஞாஸ் போன்ற இடங்களில் தங்குமிடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே இடம் கிடைக்கவில்லையென்றால் அந்த நாளின் நடை பத்து கிலோமீட்டர் நீளும், அல்லது டாக்சிக்குச் செலவாகும். ஆகவே முதலில் சின்ன ஊர்களில் இடத்தை உறுதிசெய்துவிட்டு, அதற்கேற்ப லாங்கோஞ், ஃபுளோராக் போன்ற பெரிய ஊர்களின் தேதிகளை அமைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே எழுதிவிடுவது பாதுகாப்பு.

தங்குமிடங்களில் இரண்டு வகை முக்கியம். ஜீத் தெதாப் என்பது நடைபயணிகளுக்கான பொதுவிடுதி. நான்கு முதல் எட்டுப் பேர் ஓர் அறையில் உறங்குவார்கள், கம்பளி தருவார்கள், விரிப்பை நீங்கள் கொண்டுபோக வேண்டும். ஷாம்பர் தோத் என்பது வீட்டோடு சேர்ந்த தனியறை. விலை கூடுதல், விரிப்பும் துண்டும் அவர்களுடையது. இரண்டிலும் தெமி-பான்சியோன் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்: இரவுணவு, படுக்கை, காலையுணவு மூன்றும் ஒரே விலையில் வரும் ஏற்பாடு அது. பொதுவிடுதியில் ஆளுக்கு 50 யூரோவை ஒட்டி வைத்துக் கணக்கிடலாம். பல கிராமங்களில் உணவகமே கிடையாது என்பதால் இது வசதி மட்டுமன்று, கட்டாயம்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். தொலைபேசியில் பேசி, தேதி சொல்லி, உரிமையாளரும் சரி என்ற ஒரு விடுதிக்கு மாலை ஆறு மணிக்கு நனைந்து போய் நின்றபோது, என் பெயர் அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் இல்லை. வேறு இடம் தேட எட்டு மணி ஆனது. அன்றிலிருந்து எழுத்தில் பதில் வராத எதையும் நான் முன்பதிவாகக் கருதுவதில்லை. ஒவ்வொரு காலையும் அன்றைய விடுதிக்கு ஒருமுறை அழைத்து, வருகிறேன் என்று சொல்லியும் விடுகிறேன்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு இந்த எழுத்துப்பூர்வ பதில்கள் இன்னொரு விதத்திலும் பயன்படும். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் காட்ட வேண்டும். பதினான்கு விடுதிகளின் மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்கி, மேலே ஒரு பக்கப் பயணத் திட்டம் வைத்துக் கொடுத்தால் கேள்விக்கு இடமிருக்காது. காப்பீட்டில் மலைநடை அடங்குமா, மீட்புச் செலவு அடங்குமா என்பதைச் சிறிய எழுத்துகளில் தேடிப் பாருங்கள்.

கூடாரம் கொண்டு செல்ல நினைப்பவர்கள் செவென் தேசியப் பூங்காவின் மையப்பகுதி விதிகளை அறிந்திருக்க வேண்டும். அங்கே முகாமிடத் தடை உண்டு; நெடும்பாதைகளை ஒட்டி மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரை ஓர் இரவு தங்க மட்டும் இசைவு உண்டு. எந்த இடங்களில் என்பதைப் பூங்காவின் தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நெருப்பு மூட்டக்கூடாது.

முதுகுப்பை

பையின் எடை தண்ணீருடன் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எட்டு அல்லது ஒன்பது கிலோவில் நிறுத்திவிட முடிந்தால் நல்லது. இரண்டு சட்டை, இரண்டு காலுறை, ஒரு வெதுவெதுப்பான மேலாடை, உண்மையிலேயே நீர் புகாத மழைச்சட்டை, மெல்லிய பட்டு அல்லது பருத்தித் தூக்கப்பை, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி, கொப்புளத்துக்கான ஒட்டுப்பட்டை, உண்ணி எடுக்கும் கொக்கி, ரொக்கப் பணம். இவற்றுக்கு மேல் நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலணி குறைந்தது 100 கிலோமீட்டர் பழகியதாக இருக்கட்டும். ஒரு விடுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பையை வண்டியில் கொண்டுசேர்க்கும் சேவைகள் கோடைக்காலம் முழுவதும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் அதைப் பயன்படுத்துவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் எடுக்கும் இயந்திரத்தைச் சின்ன ஊர்களில் எதிர்பார்க்க வேண்டாம். லெ புயி, லாங்கோஞ், ஃபுளோராக் ஆகியவற்றில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறிகளைப் படிப்பது

மரத்தின் மீதோ பாறை மீதோ மின்கம்பத்தின் மீதோ இரண்டு பட்டைகள் தீட்டப்பட்டிருக்கும்: மேலே வெள்ளை, கீழே சிவப்பு. அதுவே பாதை. அவற்றின் கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தத் திசையில் திரும்ப வேண்டும். வெள்ளையும் சிவப்பும் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது தவறான வழி. மஞ்சள் பட்டை உள்ளூர்ச் சிறுநடைகளுக்கு உரியது. ஒரு சிக்கல்: பிரான்சின் எல்லா நெடும்பாதைகளுக்கும் இதே வெள்ளை சிவப்புதான். லெ புயியிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ நோக்கிச் செல்லும் ஜி.ஆர். 65ம் அதே வண்ணம் கொண்டது என்பதால், முதல் நாள் காலையிலேயே யாத்ரீகர் கூட்டத்தின் பின்னால் வேறு திசையில் போய்விட வாய்ப்பு உண்டு. சந்திப்புகளில் உள்ள பலகைகளில் எண்ணைப் படியுங்கள். கால் மணி நேரமாக ஒரு குறியும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். தேசிய வரைபட நிறுவனத்தின் 1:25,000 வரைபடங்களைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை நம்பத்தக்கதன்று.

முதல் மூன்று நாள்: எரிமலைக் கல்

பாரிஸில் இருப்பவர்கள் கார் தெ லியோன் நிலையத்தில் ஏறி, லியோனிலும் சேன்-எத்தியேனிலும் வண்டி மாறி, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் லெ புயி சேரலாம். நடையை மறுநாள் வைத்துக்கொண்டு, வந்த மாலையில் எரிமலைக் குழம்பு இறுகி ஊசியாக நிற்கும் பாறையின் உச்சியில் உள்ள பத்தாம் நூற்றாண்டுச் சேன்-மிஷேல் சிறுகோயிலுக்கு 268 படிகள் ஏறிப் பாருங்கள். மேலிருந்து தெற்கே தெரியும் மேட்டுநிலம்தான் அடுத்த மூன்று நாள் நீங்கள் நடக்கப்போவது.

முதல் நாள் லெ மொனஸ்தியே வரை 20 கிலோமீட்டர். இரண்டாம் நாள் 24 கிலோமீட்டர். கூதே என்ற கிராமத்துக்குச் செங்குத்தாக இறங்கி, இன்னும் இளம் ஆறாக இருக்கும் லுவாரைக் கடந்து, பாழடைந்த போஃபோர் கோட்டையை ஒருபுறம் விட்டு, மறுகரையில் ஏற வேண்டும். அன்றைய முடிவிடம் லெ பூஷே-சேன்-நிக்கோலா. சற்று விலகினால் எரிமலை வாயில் நிரம்பிய வட்ட ஏரி ஒன்று உண்டு. மூன்றாம் நாள் பிரதெல், ஏறக்குறைய 21 கிலோமீட்டர். இந்த மூன்று நாளும் வீடுகள் கரிய எரிமலைக் கல்லால் ஆனவை, வயல்களில் பச்சைப் பயறு போன்ற நிறத்தில் புகழ்பெற்ற லெ புயி பருப்பு. நம் மைசூர்ப் பருப்பும் அதுவும் ஒரே தாவர இனம். ஆனால் இது குழைவதில்லை, முழுதாக நின்று கடலையைப் போல் கடிபடும்.

ஜெவோதான்: காடும் மடமும்

பிரதெலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் இறங்கினால் அலியே ஆற்றங்கரையில் லாங்கோஞ். ஊரின் பழைய சந்தை மண்டபத்தைப் பார்த்து, கடைகளில் தேவையானதை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு நாளுக்குப் பெரிய கடை கிடையாது. இங்கிருந்து தொடங்குவது, 1764 முதல் 1767 வரை ஓநாய் போன்ற ஒரு விலங்கு ஏறக்குறைய நூறு பேரைக் கொன்றதாகப் பதிவாகியுள்ள ஜெவோதான் நிலம். லாங்கோஞ் முதல் லெ ஷெலார்-லெவெக் வரை 16 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் காட்டுப்பாதைகள். ஸ்டீவன்சன் இங்கேதான் இருட்டில் வழிதவறி மழையில் வெளியே படுத்தார். நானும் இதே பகுதியில் ஒரு பெருக்கல் குறியைக் கவனிக்காமல், பேசிக்கொண்டே நாற்பது நிமிடம் தவறாக நடந்தேன். அவருக்கு இலக்கியம் கிடைத்தது, எனக்குக் கொப்புளம்.

மறுநாள் லுக் கோட்டையின் இடிபாடுகள் வழியாக லா பாஸ்தீத் வரை 20 கிலோமீட்டர். சற்று விலகி, காட்டுக்குள் நோத்ர்-தாம்-தெ-நேஜ் மடம் இருக்கிறது. ஸ்டீவன்சன் ஓரிரவு தங்கிய இடம். பின்னாளில் கத்தோலிக்கப் புனிதராக அறிவிக்கப்பட்ட ஷார்ல் தெ ஃபுக்கோ 1890இல் துறவியாகச் சேர்ந்ததும் இங்கேதான். பல தலைமுறைகளாக இருந்த துறவியர் 2022இல் வெளியேறினர்; இப்போது அருட்சகோதரியரின் மடமாக இருக்கிறது. பிறகு ஷாஸ்ராதெஸ் 12 கிலோமீட்டர், அங்கிருந்து லெ பிளேமார் 18 கிலோமீட்டர். நடுவில் மிராந்தோல் என்ற குக்கிராமத்தின் கூரைகளுக்கு மேலே ரயில் மேம்பாலம் ஒன்று கடந்து செல்கிறது. அதைத் தாண்டி கூலே மலைக்காட்டில் லோட் ஆறு ஒரு சின்னக் கசிவாகப் பிறக்கிறது.

மோன் லோசேர்

லெ பிளேமாரிலிருந்து போன்-தெ-மோன்வேர் வரை 19 கிலோமீட்டர். இந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். பைன் மரங்களுக்கிடையே ஏறி, சின்னப் பனிச்சறுக்கு நிலையத்தைக் கடந்ததும் மரங்கள் விலகிவிடும். அதன்பின் புல்வெளி மட்டுமே. அதில் ஆளுயரத்தில் நட்ட கிரானைட் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிச் செல்லும். மோன்ஜுவா என்று பெயர். பருவந்தோறும் சமவெளியிலிருந்து ஆட்டுமந்தை ஓட்டி வந்தவர்கள் மூடுபனியில் வழி தப்பாமலிருக்க நட்டவை அவை. இன்றும் மேகம் இறங்கிவிட்டால், கைபேசியைப் பார்ப்பதைவிட அடுத்த கல் தெரியும்வரை நின்று, தெரிந்ததும் அதை நோக்கி நடப்பதே சரியான முறை. இந்த மலையின் சில குக்கிராமங்களில் தேவாலயமே இல்லாமல் தனி மணிக்கூண்டு நிற்பதைக் காணலாம். பனிப்புயலில் சிக்கியவர்கள் ஒலியைப் பின்பற்றி வீடு சேர அந்த மணியை மணிக்கணக்கில் அடிப்பார்களாம்.

உச்சியின் பெயர் ஃபினியேல், உயரம் 1,699 மீட்டர். கற்குவியல் ஒன்று, காற்று, நாற்புறமும் வெளி. தெற்கே பார்த்தால் இதுவரை நீங்கள் கண்ட அகன்ற மேட்டுநிலம் முடிந்து, நீல மடிப்புகளாக ஒன்றன்பின் ஒன்று அடுக்கிய குறுகிய மலைவரிசைகள் தெரியும். செவென் அங்கேதான் தொடங்குகிறது. மேலே நிழலும் இல்லை, நீரும் இல்லை; இரண்டு லிட்டரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இடி கேட்டால் உச்சிக்குப் போக வேண்டாம். இறக்கம் 800 மீட்டர். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளுக்கிடையே ஃபினியேல் குக்கிராமத்தைத் தாண்டிக் கீழே வந்தால் தார்ன் ஆறு.

ஆற்றின் மேல் வளைந்த கற்பாலம், அதன் முனையில் மணிக்கூண்டுடன் சிறு கோபுரம்; இவ்வளவுதான் லெ போன்-தெ-மோன்வேர். ஆனால் 1702 ஜூலை 24 இரவு இங்கே நடந்தது அடுத்த நான்கு நாள் நீங்கள் காணும் எல்லாவற்றுக்கும் திறவுகோல். 1685இல் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். அதை இந்த மலைகளில் கொடுமையாக நிறைவேற்றிய ஷெய்லா பாதிரியாரின் வீட்டில் அடைக்கப்பட்டவர்களை விடுவிக்க வந்த கூட்டம் அவரைக் கொன்றது. கமிஸார்கள் என்றழைக்கப்பட்ட மலைக்குடியானவர்களுக்கும் அரசப் படைக்கும் இரண்டாண்டுப் போர் அதிலிருந்து மூண்டது. இனி நீங்கள் காணும் ஊர்களில் அலங்காரமில்லாத, சிலைகளில்லாத வெற்றுச் சுவர்களுடன் தேவாலயங்கள் இருக்கும். அவற்றைத் தாம்பிள் என்பார்கள். வயல் மூலையில் ஓரிரு சைப்ரஸ் மரங்கள் நின்றால் அருகே கல்லறை இருக்கக்கூடும். கத்தோலிக்க இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டவர்கள் தம் நிலத்திலேயே தம் மக்களைப் புதைத்தார்கள்.

செவென் பள்ளத்தாக்குகள்

லெ போன்-தெ-மோன்வேர் முதல் ஃபுளோராக் வரை 28 கிலோமீட்டர். பாதையின் மிகக் கடினமான நாள். ஸ்டீவன்சன் ஆற்றோரச் சாலையில் சுகமாகப் போனார். இன்று அந்தச் சாலையில் கார்கள் ஓடுவதால் பாதை பூஜே மலைமுகட்டின் மீது, 1,421 மீட்டர் வரை, ஏற்றிவிடுகிறது. நீளம் அதிகம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே பெதுவே கிராமத்தில் இடம் பார்த்து நாலைந்து கிலோமீட்டரைக் குறைத்துக்கொள்ளலாம். ஃபுளோராக்கில் ஒரு நாள் ஓய்வெடுங்கள். ஊருக்கு மேலே சுண்ணாம்புப் பாறைச் சுவர், ஊருக்குள் ஊற்றுநீர் ஓடும் கால்வாய், பழைய கோட்டைக்குள் தேசியப் பூங்காவின் தலைமையகம். 1970இல் உருவான இந்தப் பூங்காவில் மக்கள் வாழ்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். 2011இல் யுனெஸ்கோ இந்நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் மேய்ச்சல் வாழ்க்கையைக் காரணம் காட்டித்தான்.

அடுத்த நாள் மிமாந்த் பள்ளத்தாக்கில், தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய ரயில்தடத்தில் நடை. குடைந்த பாறைகள், சின்னச் சுரங்கங்கள், மெல்லிய ஏற்றம். முடிவிடம் கசாஞாஸ் பழைய ரயில் நிலையம். கவனியுங்கள்: நிலையம் கீழே இருக்கிறது, கிராமம் மேலே இருக்கிறது, எங்கே முன்பதிவு செய்தீர்கள் என்பதைச் சரிபாருங்கள். பிறகு ஃபோன்மோர் கணவாய் வழியாகச் சேன்-ஜெர்மேன்-தெ-கால்பேர்த் 14 கிலோமீட்டர், அங்கிருந்து சேன்-எத்தியேன்-வாலே-ஃபிரான்செஸ் கிராமம் வழியாகச் சேன்-ஜான்-து-கார் 22 கிலோமீட்டர்.

இங்கே கல் மாறிவிடுகிறது. சூரியன் பட்டால் வெள்ளி போல் மின்னும் ஷிஸ்ட் என்ற தகட்டுக்கல்லால் வீடும் கூரையும் சரிவைத் தாங்கும் படிக்கட்டு வயல்களும் கட்டப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் செஸ்ட்நட் மரங்கள். கோதுமை விளையாத இந்தச் சரிவுகளில் அதைத்தான் ரொட்டி மரம் என்றார்கள். பாதையோரம் சன்னலில்லாத, இரண்டு அடுக்குச் சிறு கல்வீடு ஒன்றைக் கண்டால் நின்று உள்ளே பாருங்கள். அது கிளேத். மேல்தளத்தில் இடைவெளிவிட்டு அடுக்கிய மரச்சட்டங்கள்மீது கொட்டையைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் கொழுந்துவிடாமல் புகையவிட்டு உலர்த்துவார்கள். கைவிட்டு எத்தனையோ ஆண்டுகளானாலும், உத்திரங்களில் படிந்த கரி கையில் ஒட்டும். மழை நாளில் புகைவாடை இன்னும் எழும். அப்படி உலர்த்தியதை ஊறவைத்து வேகவிட்ட பஜானா என்ற கஞ்சி இன்றும் சில விடுதிகளில் கிடைக்கிறது. கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்குகளின் இன்னொரு பிழைப்பு பட்டு. உயரமான மாடிகளும் சின்னச் சின்னச் சன்னல்களும் கொண்ட வீடுகள் பட்டுப்புழு வளர்த்தவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழுக்களைத் தாக்கிய நோயை ஆராயத்தான் லூயி பாஸ்தர் 1865இல் அலெஸ் வந்தார். சேன்-ஜான்-து-காரில் 1965 வரை இயங்கிய பட்டு நூற்பாலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. நடை முடிந்த மறுநாளை அதற்கு ஒதுக்குங்கள்.

கழுதையோடு நடக்க விரும்புபவர்களுக்கு

வழியெங்கும் வாடகைக்குக் கழுதை கிடைக்கிறது. பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பெரியவர்கள் கெஞ்சி நடக்க வைக்கும் பிள்ளை, கழுதையின் கயிறு கையில் இருந்தால் தானாக நடக்கும். ஒரு கழுதை ஏறக்குறைய 40 கிலோ சுமக்கும். வேகம் மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர். நாளைக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம். காலையில் சேணம் வைப்பதற்கு முன் முதுகையும் வயிற்றையும் தூரிகையால் தேய்த்து ஒரு முள்ளும் மண்கட்டியும் இல்லாமல் செய்ய வேண்டும். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பின் குழியில் சிக்கிய கல்லைக் கொக்கியால் நெம்பி எடுக்க வேண்டும். இரண்டு பக்கச் சுமையும் எடையில் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேணம் சரிந்து தோல் உரியும். விடுதியில் உங்களுக்குப் படுக்கை உண்டா என்று கேட்பதோடு கழுதைக்கு வேலியிட்ட புல்வெளி உண்டா என்றும் கேளுங்கள். வழியில் ஒருமுறை புல் மேயவிட்டால் பிறகு நாள் முழுவதும் மேயும்.

சாப்பாடு

இரவுணவு ஏழு அல்லது ஏழரைக்கு, எல்லாரும் ஒரே மேசையில். தாமதமாகப் போவது மரியாதையன்று. சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். பிரெஞ்சுச் சமையலறையில் சைவம் என்ற சொல் மீனைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு என்பதால், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பருப்பில்கூடப் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைப் போடுவது வழக்கம். "சான் லார்தோன்" (பன்றிக்கொழுப்புத் துண்டு இல்லாமல்) என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்கை மசித்து இளம்பாலாடைக்கட்டியோடு இழுபடும்வரை கிளறிய அலிகோ, பெலார்தோன் என்ற சின்ன ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, செவென் இனிப்பு வெங்காயம் எல்லாம் இந்த வட்டாரத்து உணவுகள். மதியத்துக்கு ரொட்டியை முந்தைய மாலையே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. ஊற்றுக் குழாய்களில் "நோன் பொத்தாபிள்" என்று எழுதியிருந்தால் அந்த நீரைக் குடிக்கக்கூடாது.

நாயும் உண்ணியும்

மோன் லோசேரில் மந்தைகளைக் காக்கும் "பாத்தூ" என்ற பெரிய வெள்ளை நாய்களைச் சந்திக்க நேரலாம். குரைத்துக்கொண்டு ஓடிவரும். ஓடாதீர்கள், கழியை ஓங்காதீர்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். நின்று, அது முகர்ந்து முடித்ததும், மந்தையை அகலமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். மேய்ச்சல் நிலக் கதவுகளைத் திறந்தால் மூடுங்கள். ஒவ்வொரு மாலையும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். கடித்த இடத்தில் சில நாள் கழித்துச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். செப்டம்பரில் வேட்டைக்காலம் தொடங்குவதால் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். அவசர எண் 112.

திரும்பும் வழி

பெரும்பாலோர் சேன்-ஜான்-து-காரிலேயே நடையை முடித்துக்கொள்கிறார்கள். மொதெஸ்தீன் விற்கப்பட்ட ஊர் அதுதான். அங்கிருந்து அலெஸ் வரை ஏறக்குறைய 27 கிலோமீட்டர் மியாலே பள்ளத்தாக்கு வழியாக நடக்கலாம், பேருந்திலும் போகலாம். பிள்ளைகள் உடன் இருந்தால் அந்தூஸ் வரை 13 கிலோமீட்டர் ஓடும் நீராவி ரயிலைத் தவறவிட வேண்டாம். அலெஸிலிருந்து நீம் வழியாகப் பாரிஸ் திரும்புவது விரைவான வழி. நேரம் இருந்தால் வடக்கே கிளெர்மோன் செல்லும் மலை ரயிலில் ஏறுங்கள். நாளுக்குச் சில வண்டிகளே உண்டு, நேர அட்டவணையை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உள்ள பாதை அது. ஒவ்வொரு சுரங்கமும் முடியும்போது சன்னலில் முதலில் தகட்டுக்கல் வீடுகளும், பிறகு கிரானைட்டும் தெரியும். லா பாஸ்தீத் நிலையத்தில் முதுகுப்பையோடு யாராவது இறங்குவார்கள், லாங்கோஞ்சில் வண்டி நிற்கையில் பழகிய அலியே ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.